புத்தாக்க மேலாண்மை படிக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு கிரைண்டரைப் பிடியுங்கள்

"இன்னொவேஷன் மேனேஜ்மென்ட் படிக்கப் போறேன்" என்று வீட்டில் சொன்னபோது பெரியப்பா கேட்டார்: "கண்டுபிடிக்கிறவன் கண்டுபிடிச்சுட்டுப் போறான். அதுல நீ என்னடா மேனேஜ் பண்ணப் போறே?" எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. கோவையில் மெக்கானிக்கல் முடித்து, மூன்று வருடம் பம்ப் கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு, நெதர்லாந்தில் இரண்டு வருட மாஸ்டர்ஸ் படித்த பிறகுதான் ஓரளவு பிடிபட்டது. அதே வழியில் கிளம்புகிறவர்கள் இப்போது அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முதல் வேலை: இது என்ன படிப்பு என்று தெரிந்துகொள்வது

தமிழில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. புவியீர்ப்பையும் "கண்டுபிடித்தார்கள்", பல்பையும் "கண்டுபிடித்தார்கள்" என்போம். இந்தத் துறையின் முதல் வகுப்பிலேயே அந்த ஒற்றைச் சொல்லை உடைத்துவிடுவார்கள். புதிதாக ஒன்றைச் செய்து காட்டுவது கண்டுபிடிப்பு. அதை ஒழுங்காகத் தயாரித்து, விற்று, ஜனங்கள் வாங்கிப் பழகி, பணம் போட்டவர் அதில் காசு பார்ப்பதுவரை வந்தால்தான் புத்தாக்கம். இரண்டுக்கும் நடுவே இருக்கிற நீளமான பாதைதான் பாடம்.

அந்தப் பாதையில் எப்படிச் சறுக்குவார்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் சி.டி. ஸ்கேன். பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்ட பிரிட்டிஷ் நிறுவனமான இ.எம்.ஐ.யில் வேலை பார்த்த பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் அதை உருவாக்கினார். 1971 அக்டோபரில் லண்டனை ஒட்டிய விம்பிள்டனில் ஒரு மருத்துவமனையில் முதல் நோயாளியை ஸ்கேன் செய்தார்கள். 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பரிசு கிடைத்த சமயத்தில் இ.எம்.ஐ. அந்தத் தொழிலில் தள்ளாடிக்கொண்டிருந்தது, அடுத்த ஆண்டே வெளியேறியும் விட்டது. சந்தை அமெரிக்காவின் ஜி.இ. போன்றவர்கள் கைக்குப் போனது. மருத்துவமனைகளுக்கு விற்கத் தெரிந்த ஆட்கள், பழுது பார்க்கும் சர்வீஸ் வலை, டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஏற்பாடு எல்லாம் எக்ஸ்ரே இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தவர்களிடம் ஏற்கெனவே இருந்தன, பாட்டு கம்பெனியிடம் இல்லை. டேவிட் டீஸ் என்ற பேராசிரியர் 1986இல் எழுதிய கட்டுரை இதைத்தான் கோட்பாடாகச் சொல்கிறது: எளிதில் பார்த்துச் செய்யக்கூடிய பொருளாக இருந்தால், கண்டுபிடித்தவரைவிட, விற்பனை ஆட்கள், சர்வீஸ் வலை மாதிரியான துணைச் சொத்துக்களைக் கையில் வைத்திருப்பவருக்கே லாபம் போகும். முதல் செமஸ்டரில் நீங்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தாலும் அந்தக் கட்டுரை உங்கள் தலையில் விழும்.

இந்தக் கதையைக் கேட்டதும் "அட, ஏன் அப்படி ஆச்சு?" என்று தோன்றினால் உங்களுக்கு இந்தப் படிப்பு சரிப்படும். "சரி, அந்த மெஷின் எப்படி வேலை செய்யுது?" என்பதில்தான் மனசு போகிறது என்றால் எம்.டெக். போவது நல்லது. அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது: பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள்

பெயர்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே வேறு வேறு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் "தொழில்நுட்ப மேலாண்மை" என்ற மாஸ்டர்ஸ் இருக்கிறது. தொழில்நுட்பம், கொள்கை, மேலாண்மை மூன்றும் சேர்ந்த ஒரு புலத்தின் கீழ் வருவது, பொறியியல் பின்னணி உள்ளவர்களுக்கானது. அதே நாட்டின் ஐன்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரே துறைக்குள்ளேயே "புத்தாக்க மேலாண்மை", "புத்தாக்க அறிவியல்" என்று இரண்டு உண்டு. முன்னது கம்பெனிக்கு உள்ளே புதுப் பொருளை எப்படி உருவாக்குவது என்பதைப் பற்றியது. பின்னது மின்சாரம், போக்குவரத்து போன்ற பெரிய அமைப்புகள் எப்படி மாறுகின்றன, அரசு அதில் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியது. பெயரைப் பார்த்து மாற்றிச் சேர்ந்தால் இரண்டு வருடம் முழிக்க வேண்டியதுதான். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1966இல் கிறிஸ் ஃப்ரீமன் தொடங்கிய ஆய்வு மையம் கொள்கைப் பக்கம் சாய்ந்தது, இந்தத் துறைக்கே பிறந்த வீடுகளில் ஒன்று. ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் "மேலாண்மையும் தொழில்நுட்பமும்" வணிகப் படிப்போடு ஒரு பொறியியல் பாடத்தையும் சேர்த்துக்கொள்வது.

நான் சொல்லும் வழி இது. ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: கம்பெனிக்கு உள்ளே நடப்பது, அரசும் சமூகமும், தொழில்நுட்பப் பாடம். பாடத்திட்டத்தில் உள்ள ஒவ்வொரு பாடத்தையும் அதன் கிரெடிட்டோடு ஏதாவது ஒரு கட்டத்தில் போடுங்கள். அரை மணி நேரம் ஆகும். எந்தக் கட்டம் நிரம்புகிறதோ, அதுதான் அந்தப் படிப்பின் உண்மையான பெயர்.

அப்புறம் இன்னொன்று, இதை யாரும் செய்வதில்லை. டெல்ஃப்ட், ஐன்ட்ஹோவன் இரண்டிலும் பழைய மாணவர்களின் ஆய்வேடுகள் பலவற்றை இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஐந்தாறின் சுருக்கத்தை மட்டும் படித்துப் பாருங்கள். இரண்டு வருடம் கழித்து நீங்கள் எதை எழுதிக்கொண்டிருப்பீர்கள் என்று தெரிந்துவிடும். கையேட்டில் சிரிக்கும் மாணவர்களின் படங்களைவிட இதை நம்பலாம்.

மூன்றாவது: மார்க், காசு, காகிதம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுவதால் கடைசி வார்த்தை பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில்தான்.

ஜெர்மனிக்குப் போடுகிறவர்கள் தங்கள் சி.ஜி.பி.ஏ.வை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்றிப் பார்க்க வேண்டும். அங்கே 1 தான் உச்சம், 4 பாஸ். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். பத்துக்கு 7.8 வாங்கி, பாஸ் 5 என்றால்: 2.2ஐ 5ஆல் வகுத்தால் 0.44, மும்மடங்கு 1.32, ஒன்று கூட்டினால் 2.32. இதே 7.8க்கு உங்கள் பல்கலைக்கழகத்தில் பாஸ் 4 என்றால் 2.1 வரும். ஆக பாஸ் மார்க் எதுவென்று மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் தேடுங்கள், அதில் ஒரு சீட் அடங்கியிருக்கலாம்.

இந்தியச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு ஜெர்மனிக்கு ஏ.பி.எஸ். சான்று (உங்கள் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருவது) வேண்டும், 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். விசாவுக்கு முடக்கக் கணக்கில் (முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) 2024 செப்டம்பர் முதல் வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். ஜெர்மனியில் கட்டணமே இல்லை என்று சொல்கிறவர்களிடம் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ என்பதையும், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வசூலிக்கத் தொடங்கிவிட்டது என்பதையும் சொல்லுங்கள். நெதர்லாந்தில் நமக்கு வருடத்துக்கு 20,000 யூரோ வாக்கில் ஆகும். கல்விக் கடன் எடுத்துப் போகிறவர்கள் கணக்கை இரண்டு தரம் போடுங்கள்.

நோக்கக் கடிதம் (எஸ்.ஓ.பி.) பற்றி ஒன்றே ஒன்று. என் முதல் வரைவு "சிறுவயதிலிருந்தே தொழில்நுட்பத்தில் எனக்கு ஆர்வம்" என்று ஆரம்பித்தது. படித்துப் பார்த்த சீனியர், "உனக்கும் சேர்த்து நாலாயிரம் பேருக்கு இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது வரைவில், எங்கள் பம்ப் கம்பெனியில் நல்ல இம்பெல்லர் (பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) டிசைன் ஒன்று ஏன் கடைசிவரை தயாரிப்புக்கே போகவில்லை என்று எழுதினேன். டிசைனில் குறை இல்லை. வார்ப்படம் போட்டுக் கொடுக்கும் பட்டறைக்காரர்கள் அந்த அச்சைக் கையாள மறுத்தார்கள், அவ்வளவுதான். அந்தக் கடிதம் வேலை செய்தது. வேலை பார்த்த இடத்தில் முடங்கிப்போன நல்ல யோசனை ஒன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதை எழுதுங்கள், கம்பெனி பெயரை விட்டுவிட்டு.

நான்காவது, இதுதான் முக்கியம்: ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இந்தத் துறையில் கோட்பாடுகள் வழுக்கும். படிக்கும்போது எல்லாம் சரி என்று தோன்றும், மூடிவைத்தால் ஒன்றும் நிற்காது. அதனால் கிளம்புவதற்கு முன்பே, உங்களுக்கு உள்ளும் புறமும் தெரிந்த ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வாரமும் வகுப்பில் வருகிற கோட்பாட்டை அதன் மேல் போட்டுப் பாருங்கள். ஐபோன் வேண்டாம், டெஸ்லா வேண்டாம். அவற்றைப் பற்றி வகுப்பில் எல்லோரும் ஒரே கட்டுரையைத்தான் படித்திருப்பார்கள்.

நான் பிடித்தது மாவு கிரைண்டர். கோவைக்காரனுக்கு வேறு என்ன? கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

அதன் மேல் பாடத்தைப் போட்டுப் பார்ப்பது எப்படி என்று காட்டுகிறேன். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவி சுற்றும். மோட்டார் போட்டவுடன் அதைத் தலைகீழாக்கினார்கள்: கல் சுற்றும், குழவி நிற்கும். கையால் ஆட்டுகிறவருக்கு எது சுலபமோ அது மோட்டாருக்குச் சுலபம் இல்லை. பழைய வேலையை அப்படியே இயந்திரமாக்காமல் புரட்டிப்போட்டதுதான் கண்டுபிடிப்பு. பிறகு சாய்த்து மாவு எடுக்கிற டில்டிங் மாடல், அதன்பின் அடுப்பு மேடையில் வைக்கிற டேபிள் டாப். டேபிள் டாப்பில் நின்ற குழவிக்குப் பதில் உருளும் கற்கள். இப்போது கடையில் போய் நின்றால் எல்லா பிராண்டும் ஏறக்குறைய ஒரே உருவம். அபர்னதி, அட்டர்பேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1970களில் சொன்ன "ஆதிக்க வடிவம்" இதுதான். முதலில் ஆளுக்கொரு வடிவம் செய்வார்கள், ஒன்று நிலைத்ததும் போட்டி வடிவத்திலிருந்து விலைக்கும் தயாரிப்பு முறைக்கும் நகர்ந்துவிடும்.

மிக்ஸி வந்தும் கிரைண்டர் ஏன் சாகவில்லை? வேகத்தில் மிக்ஸிதான் ஜெயித்தது. ஆனால் உளுந்து சூடாகிவிட்டால் மாவு பொங்காது. ஒரு தொழில்நுட்பத்தை இன்னொன்று அடிக்க வேண்டுமென்றால், வாங்குகிறவர் எந்த அளவுகோலில் பார்க்கிறாரோ அதில் அடிக்க வேண்டும். கிரைண்டரை உண்மையில் ஆட்டம் காண வைத்தது தெருமுனையில் விற்கிற பாக்கெட் மாவு. போட்டி வேறு இயந்திரத்திலிருந்து வராமல், இயந்திரமே தேவைப்படாத இடத்திலிருந்து வந்தது. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு டச்சுப் பையன் "இட்லின்னா என்ன?" என்று கேட்டான், பேராசிரியர் மட்டும் குறிப்பெடுத்துக்கொண்டார்.

உங்கள் பொருள் தறியாக இருக்கலாம், மீன்பிடி வலையாக இருக்கலாம், சைக்கிள் லாக்காக இருக்கலாம். உபயோகிக்கிறவரை ஒரு போன் தூரத்தில் பிடிக்க முடிய வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. காரணம் பின்னால் வரும்.

ஐந்தாவது: கட்டுரை படிக்கும் முறை

பொறியியலில் இருந்து வருகிறவர்களுக்கு முதல் அடி இங்கேதான். வாரத்துக்கு ஆறேழு ஆய்வுக் கட்டுரைகள், ஒவ்வொன்றும் முப்பது பக்கம், கணக்கு இல்லை, படம் இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்காதீர்கள். சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, அட்டவணைகள், விவாதப் பகுதி என்ற வரிசையில் போங்கள். பிறகு அரைப் பக்கம் எழுதுங்கள்: இவர் யாரோடு சண்டை போடுகிறார், எதை வைத்து நிரூபிக்கிறார், என் கிரைண்டருக்கு இது பொருந்துமா. மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத முடியவில்லை என்றால் கட்டுரை புரியவில்லை என்று அர்த்தம்.

மார்க் பற்றி ஒரு வார்த்தை. நெதர்லாந்தில் பத்துக்கு 8 என்றால் பிரமாதம், 9 அபூர்வம், 10 கிடைத்ததாக நான் யாரையும் பார்த்ததில்லை. முதல் தேர்வில் 7 வாங்கிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து அறைப் பெண் அதே 7க்குப் பார்ட்டி வைத்தாள்.

ஆறாவது: காப்புரிமை தேடப் பழகுங்கள்

முதலில் சொற்குழப்பம். பத்திரிகைகளில் பேடன்டையும் காப்புரிமை என்கிறார்கள், காப்பிரைட்டையும் காப்புரிமை என்கிறார்கள். இங்கே நான் சொல்வது பேடன்ட். கதை, பாட்டு, மென்பொருள் நிரலுக்கு உள்ளது பதிப்புரிமை, அது வேறு சட்டம்.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பசெநெட் என்ற தேடுதளம் இலவசம். சொல்லை வைத்துத் தேடினால் ஒன்றும் உருப்படியாகக் கிடைக்காது, ஏனென்றால் வக்கீல்கள் கிரைண்டரை "கிரைண்டர்" என்று எழுதமாட்டார்கள், "உணவுப்பொருள் சிதைக்கும் சாதனம்" என்பார்கள். சர்வதேச வகைப்பாட்டுக் குறியை வைத்துத் தேடுங்கள். சமையலறைச் சாதனங்கள் ஏ47ஜே என்ற தலைப்பில் வரும். அரைக்கும் இயந்திரங்கள் பொதுவாக பி02சி. ஒரு ஆவணத்தைத் திறந்ததும் நேராகக் கடைசியில் உள்ள கோரிக்கைகளுக்குப் போங்கள், உரிமை அங்கேதான் இருக்கிறது. முன்னால் உள்ளதெல்லாம் விளக்கவுரை. காலம் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு. சாதாரணமாக 18 மாதம் கழித்துத்தான் வெளியிடுவார்கள், அதனால் இன்று தேடிக் காலியாக இருந்தால் யாரும் செய்யவில்லை என்று துள்ளக்கூடாது.

காப்புரிமைச் சட்டம் ஒரு தொழிலையே எப்படித் திருப்பும் என்பதற்கு ஐரோப்பிய வகுப்பறைகளிலேயே பேசப்படும் வழக்கு நம் சென்னையில் தொடங்கியது. இரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்கின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னை காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. ஏற்கெனவே தெரிந்த பொருளின் புது வடிவத்துக்கு, பலன் கூடியிருப்பதாகக் காட்டினால் ஒழிய உரிமை கிடையாது என்பது இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வகுப்பில் இது வரும்போது எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் அந்தத் தீர்ப்பின் சாரத்தையாவது படித்துவிட்டுப் போங்கள்.

ஏழாவது: கொஞ்சம் கணக்கு

புள்ளியியல் கட்டாயம் வரும், ரிக்ரெஷன்வரை தூசி தட்டி வையுங்கள். அதோடு ஒரு புதுப் பொருள் ஜனங்களிடையே எப்படிப் பரவும் என்று கணக்கிட ஃபிராங்க் பாஸ் என்ற ஆய்வாளர் 1969இல் வெளியிட்ட பரவல் மாதிரியை எக்செல்லில் ஒரு தரம் நீங்களே போட்டுப் பாருங்கள். புதுப் பொருளைத் தாமாக வாங்குகிறவர்களுக்கு ஒரு எண், பக்கத்து வீட்டைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு எண். பல பொருட்களின் சராசரியாக முன்னது 0.03 அளவிலும் பின்னது 0.38 அளவிலும் இருக்கும் என்று பிற்காலத் தொகுப்பாய்வு ஒன்று சொல்கிறது. ஆக, பக்கத்து வீட்டுப் பார்வைக்குப் பத்து மடங்குக்கு மேல் வலிமை. இது நம் அம்மாக்களுக்கு எண் இல்லாமலே தெரியும்.

மாதிரி எங்கே உடையும் என்று பார்ப்பதுதான் சுவாரசியம். தமிழ்நாட்டு அரசு 2011இல் குடும்ப அட்டைதாரர்களுக்கு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. அந்த வருடங்களின் கிரைண்டர் பரவலை ஃபிராங்க் பாஸின் வளைகோட்டில் உட்கார வைக்க முடியாது. யாரும் யாரையும் பார்த்து வாங்கவில்லை, லாரியில் வந்து இறங்கியது. என் செமஸ்டர் கட்டுரை இதைப் பற்றித்தான்.

எட்டாவது: குழு வேலையும் ஆய்வேடும்

குழு வேலையைப் பற்றி நீட்ட ஆசை இல்லை. ஐந்து பேர் இருப்பீர்கள், ஒருவர் கடைசி நாளன்று மட்டும் தலைகாட்டுவார். முதல் கூட்டத்திலேயே யார் எதை எந்தத் தேதிக்குள் என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். நம் ஊர் வழக்கப்படி முகம் முறிக்க வேண்டாம் என்று இழுத்தால் அவர் பங்கையும் நீங்களே எழுதுவீர்கள். நேராகச் சொன்னால் டச்சுக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சொல்லாமல் இருந்தால்தான் குழம்புவார்கள்.

ஆய்வேடு நெதர்லாந்தில் பெரும்பாலும் 30 கிரெடிட்டுக்குக் குறையாது. ஒரு கிரெடிட்டுக்கு 28 மணி நேரம், ஆக 840 மணி நேரம். பலர் ஏதாவது கம்பெனியில் உட்கார்ந்து செய்வார்கள். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. கம்பெனிக்கு வேண்டியது அறிக்கை, பல்கலைக்கழகத்துக்கு வேண்டியது ஆய்வு. கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: எந்தத் தரவு கைக்கு வரும், எந்தத் தேதியில் வரும், ரகசிய ஒப்பந்தத்துக்குப் பிறகு எதை வெளியிடலாம். எனக்கு வாய்மொழியாகச் சொன்ன விற்பனைத் தரவு நான்கு மாதம் வரவே இல்லை. கடைசியில் எண்களை விட்டுவிட்டு நேர்காணல்களை வைத்து ஆய்வை மாற்றி எழுதினேன்.

நேர்காணல் என்றதும் நினைவு வருகிறது. போன் தூரத்தில் ஆள் வேண்டும் என்றேனே. முதல் வருடப் பாடம் ஒன்றுக்காகக் கிரைண்டர் மோட்டாரின் மின்சிக்கனத்தைப் பற்றி ஐந்து பக்கம் எழுதி வைத்திருந்தேன். உபயோகிப்பவரிடம் பேச வேண்டும் என்று விதி இருந்ததால் அம்மாவுக்குப் போன் போட்டேன். "கிரைண்டர்ல என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டதற்கு, "அரைக்கறதுல என்ன பிரச்சினை, அது பாட்டுக்கு அரைக்கும். அந்தக் கல்லைத் தூக்கிக் கழுவறதுக்குத்தான் பயந்து பாக்கெட் மாவு வாங்கறேன்" என்றார். ஐந்து பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

ஒன்பதாவது: வேலை

"புத்தாக்க மேலாளர்" என்ற பெயரில் வேலை தேடினால் பத்து வருட அனுபவம் கேட்பார்கள். புதிதாக முடித்தவர்களுக்குக் கிடைப்பது புராடக்ட் மேனேஜ்மென்ட், பேடன்ட் பகுப்பாய்வு, பல்கலைக்கழகத் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகம், கன்சல்டிங், ஆர்.அண்ட்.டி. திட்ட ஒருங்கிணைப்பு. இவையெல்லாம் பேச்சை வைத்துப் பிழைக்கிற வேலைகள். அதனால் மென்பொருள்காரர்களைப் போல ஆங்கிலத்தை மட்டும் வைத்து ஒப்பேற்ற முடியாது. ஜெர்மனி என்றால் முதல் செமஸ்டரிலேயே ஜெர்மன் வகுப்பில் சேருங்கள், முடிக்கும்போது பி2 (சரளமாகப் பேசும் அளவு) நிலை இருந்தால் கதவுகள் திறக்கும். பல்கலைக்கழகமே இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ நடத்தும்.

படிப்பு முடிந்ததும் வேலை தேட ஜெர்மனி 18 மாதம் தருகிறது. நெதர்லாந்தில் ஒரு வருடம், ஆனால் பட்டம் வாங்கிய மூன்று ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஆய்வேடு முடித்த களைப்பில் உடனே போட்டு அந்த வருடத்தில் முதல் இரண்டு மாதத்தைத் தூங்கிக் கழிக்காதீர்கள். ஊருக்கு வந்து, வீட்டில் அரைத்த மாவில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, கழுவுகிற முறை வந்தால் கல்லையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, பிறகு போடலாம்.